எழுநூறு ரூபாய் எழுபது பைசா

வெற்றிலையின் மேல் ஒரு ஐம்பது பைசாவும் இரண்டு பத்துப் பைசாவும் இருந்தன. அடியில் ஏழு நூறு ரூபாய் நோட்டுகள். பக்கத்தில் தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், மடித்த பட்டு அங்கவஸ்திரம். எல்லாவற்றுக்கும் மேலே, கடல்காற்றில் பறந்துவிடாமல் எலுமிச்சம்பழம் வைத்து அழுத்திய டைப் அடித்த காகிதம் ஒன்று. தட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றவர் எங்கள் முருகன் கோயில் கமிட்டியின் பொருளாளர் சிவஞானம். எதிரே நின்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாயன வித்வான் சொக்கலிங்கம். வைகாசி விசாகத் திருவிழா அன்று காலைதான் கடலில் தீர்த்தவாரியோடு முடிந்திருந்தது. சுவாமி இன்னும் ஈரத்தோடு இருந்தார், நாங்களும்தான்.

தட்டைக் கொடுப்பதோடு விட்டிருந்தால் பாதி வினை தப்பியிருக்கும். சிவஞானம் மைக்கைப் பிடித்துவிட்டார். "வித்வான் அவர்களுக்குச் சன்மானம் ரூபாய் ஆயிரத்து ஒன்று. அயல்நாட்டார் என்ற முறையில் வருமான வரிப் பிடித்தம் ரூபாய் முந்நூறு, பைசா முப்பது. நிகரம் ரூபாய் எழுநூறு, பைசா எழுபது. சான்றிதழ் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது, முருகன் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் பாதி சர்க்கார் ஆட்கள் என்பதால் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டியதையும் பார்த்தேன்.

சொக்கலிங்கம் தட்டைப் பார்த்தார். அந்தச் சில்லறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையை எடுத்துவிட்டார். அங்கவஸ்திரத்தைக்கூட வாங்கவில்லை. பின்னால் திரும்பித் தவில்காரர் ராஜமாணிக்கத்திடம், "மேளத்தை உறையிலை போடும்" என்றார். என்னைப் பார்த்து, "தம்பி, அடுத்த கப்பல் எப்ப?" என்று கேட்டார்.

"சனிக்கிழமைங்க ஐயா" என்றேன்.

சனிக்கிழமைக்கு முன்னால் வியாழக்கிழமை ஒன்று இருந்தது. அன்று சிவஞானத்தின் ஒரே மகள் சந்திரமதிக்குக் கல்யாணம். சொக்கலிங்கம்தான் நாயனம். சிவஞானத்தின் முகத்தில் அப்போது ரத்தமே இல்லை. அந்த நிலையிலும் மனிதர் தட்டைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மனிதரைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். போர்ட் பிளேரில் அந்த அறுபத்தேழாம் வருஷம் தமிழர் என்று இருந்தவர்களில் முக்கால்வாசி சர்க்கார் உத்தியோகம். மிச்சம் பேர் என்னைப் போல அபர்தீன் பஜாரில் கடை, அல்லது பழனிசாமி போலக் காண்ட்ராக்ட். கோயிலை நடத்தியவர்கள் உத்தியோகஸ்தர்கள், ஆகவே கோயிலும் ஆபீஸ் போலத்தான் நடந்தது. குருக்கள் கற்பூரத்துக்கு இண்டென்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். பஞ்சாமிர்தத்துக்கு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குவார்கள். ஒன்று என் கடை, இன்னொன்று என் மச்சான் கடை, அது வேறு விஷயம். சிவஞானம் ஒரு சர்க்கார் ஆபீஸில் கணக்குப் பிரிவு. திருநெல்வேலிக்காரர். பன்னிரண்டு வருஷமாகப் பொருளாளர், அவர் போட்ட வவுச்சரில் ஓர் அடித்தல் திருத்தல் காட்ட முடியாது. தவிலை மழைக்காலத்துக்கு அடுப்புச் சூட்டில் காட்டக் கால் மூட்டைக் கரி வாங்கினோம். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தவர் அவர்.

வித்வானைப் பிடித்து வந்தவர் கமிட்டித் தலைவர் பழனிசாமி. மதுரைக்கு மரம் விற்கப் போனவர் அங்கே ஒரு கோயிலில் சொக்கலிங்கம் வாசித்ததைக் கேட்டு மயங்கி, நாலு பேர் செட்டையும் பேசி முடித்துக் கப்பலேற்றி அழைத்து வந்துவிட்டார். ஜெட்டியில் இறங்கும்போதுதான் போலீஸ்காரர் பர்மிட் கேட்டார், பாஸ்போர்ட் கேட்டார். அதில் 'சிலோன்' என்று இருந்ததை எட்டிப் பார்த்த சிவஞானம் என் முழங்கையைப் பிடித்தார்.

"வே பன்னீரு, இவர் ஃபாரினருவே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் டாக்காவிலிருந்து வந்தவர், எதிர்க்கடைக்காரர் ரங்கூனில் பிறந்தவர், என் கடைப் பையன் ராஞ்சிக்காரன். நாங்கள் எல்லோரும் இந்தியர்களாம். முருகா என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டு, எங்களைவிடச் சுத்தமான தமிழ் பேசிக்கொண்டு இறங்கியவர் ஃபாரினராம். ஆனால் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார் சிவஞானம். வெளிநாட்டாருக்கு இங்கே யார் பணம் கொடுத்தாலும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும், கோயில் என்றாலும் கொடுக்கிறவர் கொடுக்கிறவர்தான், முருகனுக்கு விலக்கு இல்லை.

பழனிசாமி கேட்டாரே ஒரு கேள்வி. "ஏனுங்க சிவஞானம், நடுக்கடல்ல கெடக்கறோம். இங்க எவனுங்க வந்து கேக்கப் போறான்?"

"இங்க கேக்க மாட்டான் அண்ணாச்சி. அவர் ஊர் திரும்பும்போது ராமேஸ்வரத்துல கேப்பான். இந்தியாவுல சம்பாதிச்சியே, வரி கட்டுனியா, பேப்பர் எங்கம்பான். பேப்பர் இல்லன்னா போட்ல ஏத்த மாட்டான். நாம அழைச்சு வந்த மனுசனை நாமளே அங்க நிறுத்தி வைக்கணுமா?"

பழனிசாமி சரி என்று கையை விரித்துவிட்டார். சான்றிதழை என் கடையில் இருந்த பழைய டைப்ரைட்டரில்தான் அடித்தார். ஆபீஸ் மெஷினைக் கோயில் வேலைக்குத் தொடமாட்டார். கார்பன் தாளைத் தேயத் தேய உபயோகித்ததில் அவர் ஆள்காட்டி விரல் நீலமாகிவிட்டது, சோப்புக்கும் போகவில்லை. இந்தக் காகிதத்தைத்தான் வித்வானுக்குச் செய்கிற மரியாதையில் தலையாயது என்று நினைத்துத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இனி கல்யாண விஷயம். சிவஞானத்துக்கும் மங்கையர்க்கரசிக்கும் இந்தத் தீவில்தான் கல்யாணம் நடந்தது. மங்கையர்க்கரசி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் ஹிந்தி கலந்து வரும், அவள் அப்பா ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அன்றைக்கு நாயனத்துக்கு எங்கே போவது? கிராமபோன் பெட்டிதான். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் வரும்படி ரெக்கார்டை வைத்தார்கள். சாவி கொடுக்க வேண்டிய ஒயர்லெஸ் ஆபீஸ்காரர் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். சிவஞானம் முதல் முடிச்சுப் போடும்போது மேளம் இழுக்க ஆரம்பித்தது. இரண்டாம் முடிச்சில் எருமை கத்துவது போல ஆயிற்று. மூன்றாவது முடிச்சை அவர் தங்கை போடும்போது சத்தமே இல்லை. ஊர் முழுக்க இந்தக் கதை தெரியும். மங்கையர்க்கரசி கோபம் வரும்போதெல்லாம் சொல்வாள், கோபம் வராதபோதும் சொல்வாள். நம்மூரில் ஒரு தும்மலுக்கே சகுனம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், கெட்டிமேளம் பாதியில் செத்துப்போனால் கேட்க வேண்டுமா? அவள் முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதை இதோடு யாரும் வாய்விட்டு முடிச்சுப் போட்டதில்லை. ஆனால் சந்திரமதி பிறந்த அன்றே சிவஞானம் முருகன் முன்னால் நின்று சொன்னார், என் மகள் கல்யாணத்தில் ரெக்கார்டு கிடையாது, உயிருள்ள மனுசன் ஊத வேண்டும் என்று. பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்து அந்த உயிருள்ள மனுசன் கிடைத்தார். அவர் மேளத்தை உறையில் போட்டுவிட்டார்.

தீவில் ஒரு சௌகரியம், கோபித்துக்கொண்டு போவதற்கும் கப்பல் வர வேண்டும். சொக்கலிங்கம் ஷாதிபூரில் பழனிசாமியின் மரக்கிடங்கை ஒட்டிய வீட்டில் தங்கியிருந்தார். யாரோடும் சண்டை போடவில்லை. போகிற வருகிறவர்களிடம் சிரித்துப் பேசினார். நாயனத்துச் சீவாளிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தார். வாசிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், "மழை பிடிச்சிட்டுது போலை கிடக்கு" என்று வானத்தைப் பார்ப்பார்.

எங்களுக்கெல்லாம் ஒரே எண்ணம்தான்: முந்நூறு ரூபாய். பத்து நாள் மூச்சைப் பிடித்து ஊதியவனிடம் முந்நூறைப் பிடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அன்று சாயங்காலமே பழனிசாமி ஒரு கவரில் தன் பணம் முந்நூறைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி என் கடைக்கு வந்து ஒரு சோடா கேட்டார்.

"வாங்கலையா?"

"எச்சில் காசு கொண்டாந்தனாட்டம் பாத்தாருங்க. 'உதை உள்ளை வையும்'னாரு, அதை உள்ள வைய்யிங்கறாருங்க. அவ்வளவுதானுங்க."

நான் போனேன். கடையில் இருந்த நல்ல பாசுமதி அரை மூட்டை, ஒரு டின் நெய். கடைக்காரன் சமாதானம் கடைச் சாமானில்தானே இருக்கும். ராஜமாணிக்கம் வாசலிலேயே என்னை நிறுத்தி, "அண்ணை, அவர் இப்ப இதைக் கண்டால் இன்னும் கூடும், கொண்டு போங்கோ" என்று மூட்டைக்கு ஒரு கை கொடுத்துத் திருப்பி என் தலையில் வைத்தார். நெய் டின்னை மட்டும் ஏக்கத்தோடு பார்த்தார், பாவம்.

சிவஞானத்துக்கு இரண்டு வழி இருந்தது. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்து, சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்தால் ராமேஸ்வரத்தில் அந்த மனுசன் மாட்டுவார். செய்யாவிட்டால் மகள் கல்யாணத்தில் மறுபடியும் கிராமபோன். என் கடைக்கு வந்து டைப்ரைட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். "கேக்குறேம்வே பன்னீரு, நான் செஞ்சது தப்பா?" என்றார். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கோபம், அதைவிட அதிகமாகப் பாவம். டீ வாங்கிக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை மங்கையர்க்கரசி டிபன் கேரியரோடு கடைக்கு வந்து நின்றாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சலோ பன்னீரண்ணே, கிளம்புங்க, குடையை எடுங்க. ஆம்பளைங்க எல்லாம் போயி கவரைக் காட்டறீங்க, நெய்யைக் காட்டறீங்க. என்ன கோபம்னு யாராவது ஒருத்தர் கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். அது தெரிந்த விஷயம் என்றல்லவா நினைத்திருந்தோம்.

போனோம். தகரக் கூரையில் மழை அடித்ததில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டது. தவில் அடுப்பு ஓரத்தில் உறையோடு கிடந்தது. மங்கையர்க்கரசி இலை போட்டு இட்லி வைத்து, சாம்பார் ஊற்றி, அவர் இரண்டு இட்லி சாப்பிடும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, தங்கச்சி கேக்கறேன், ஒளிக்காம சொல்லணும். எங்க வீட்டுக்காரர் உங்க காசைப் பிடிச்சாரு, அதானே கோபம்?"

சொக்கலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "காசைப் பற்றி ஆர் பிள்ளை கதைச்சது?" என்றார். "அரசாங்கம் முந்நூறு எடுத்தால் எடுக்கட்டும். எங்கடை ஊரிலையும் பிடிக்கிறவைதானே. போன முறை உந்தக் கடுதாசி இல்லாமல் ராமேஸ்வரத்திலை என்னை மறிச்சு வைச்சவங்கள். நாலு பேரும் சோறு தண்ணியில்லாமல் இறங்குதுறையிலை குந்திக்கொண்டிருந்தனாங்கள். அந்தக் கடுதாசியின்ர அருமை எனக்குத் தெரியும். ஆரும் கேளாமல் எழுதித் தந்த முதல் மனுசன் உங்கடை மனுசன்தான்."

"அப்புறம்?"

"ஆனால் அவர் அந்த ஒரு ரூவாயிலை கை வைச்சிட்டார்."

எனக்குப் புரியவில்லை. மங்கையர்க்கரசியின் கை சாம்பார் கரண்டியோடு நின்றது.

"ஆயிரத்தொண்டு எண்டால் ஆயிரம்தான் கூலி. அந்த ஒண்டு கூலியில்லை. இன்னும் வளரட்டும், இன்னொருக்கா வா எண்டு சொல்லுறது அது. செத்த வீட்டிலைதான் அதை வைக்காமல் குடுக்கிறது. அதையும் வெட்டி, எழுபது சதமாக்கி, வெத்திலையிலை வைச்சால் என்ன அர்த்தம்? கணக்கு முடிஞ்சுது, போ எண்டுதானே? அப்பிடி ஒரு தட்டை வாங்கின கையாலை நாயனத்தைத் தூக்கி, ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர தாலிக்கு நான் எப்பிடி வாசிக்கிறது? எனக்கு மனம் கேக்கேல்லை, பிள்ளை. அவள் நல்லா இருக்கோணும்."

மங்கையர்க்கரசி இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். வெளியே வந்து குடைக்குள் நுழைந்த பிறகுதான், "க்யா ஆத்மி ஹை!" என்று மூக்கை உறிஞ்சினாள். என்ன மனுசன்! எனக்கு அரை மூட்டை அரிசியைத் தலையில் சுமந்து போனது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

சிவஞானம் லீவு போட்டுவிட்டு என் கடையில்தான் இருந்தார். மங்கையர்க்கரசி சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது. சொல்லி முடித்ததும் அவள் முந்தானையால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, "தேகோ ஜி, இங்க பாருங்க, எனக்குத் தாலி ஏறினப்ப ரெக்கார்டு செத்துப்போச்சு. என் பொண்ணுக்கும் அப்படி ஆச்சுன்னா, நாளைக்கு உங்க ரூல் புக்கைத்தான் ஊதச் சொல்வேன்" என்றாள். கல்யாண வீட்டு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று போய்விட்டாள்.

சிவஞானம் எழுந்து அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார்.

"அது எப்படிவே? ஒரு ரூவாயும் குடுத்த பணந்தானே. வவுச்சர்ல மொத்தமா ஆயிரத்து ஒண்ணு. மொத்தத்துக்குத்தானே வரி பிடிக்கணும்?"

"பிடிச்சீரே, அதான் இப்படி நிக்கிறோம்" என்றேன்.

"அந்த ஒண்ணு கூலி இல்லன்னு நான் எப்படி எழுத? நாளைக்கு ஒருத்தன் கேட்டா ஆதாரம் வேண்டாமா?" நின்றார். "கமிட்டித் தீர்மானத்தை எடும்வே."

நான்தான் காரியதரிசி. பருப்பு டின்னுக்குப் பின்னாலிருந்து மினிட்ஸ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சித்திரை மாதக் கூட்டத்தில் என் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தது: நாயன செட்டுக்குச் சன்மானம் ரூ. 1000, போக்குவரத்து தனி. சிவஞானம் அதை மூன்று தரம் வாசித்தார். பழனிசாமி மதுரையில் பேசி முடித்தபோது வித்வானுக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலும் அதிலேயே ஒட்டியிருந்தது. அதிலும் ஆயிரம்தான்.

"ஆயிரம்தான் பேசியிருக்கு. அப்ப அந்த ஒண்ணு எங்கிருந்துவே வந்துது? வவுச்சர்ல யார் அதைச் சேத்தது?"

"வவுச்சர் எழுதினது நீர்தான்."

"நானா?"

"உம்ம கையெழுத்துதான். பாரும்."

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவரேதான் சேர்த்திருக்கிறார். தீர்மானம் இல்லாமல், உத்தரவு இல்லாமல், கொட்டேஷன் இல்லாமல், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயை சிவஞானம் பாஸ் பண்ணியிருக்கிறார். அதைக் கவனிக்கக்கூட இல்லை.

"எதுக்குச் சேத்தீரு?" என்றேன்.

"எதுக்கா? ஆயிரம்னு மொட்டையா எப்படிவே எழுத? மங்கலமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார். அவர் முகத்தில் சிரிப்பு பரவியதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. "வே பன்னீரு! அது கூலி இல்லவே! கூலின்னா தீர்மானத்துல இருக்கணும். தீர்மானத்துல இல்ல. கேட்டும் வாங்கல, பேசியும் குடுக்கல. வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அது வருமானமே இல்ல. வருமானம் இல்லன்னா வரி எங்கிருந்து வரும்?"

டைப்ரைட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆயிரத்துக்குப் பிடித்தம் முந்நூறு, மீதி எழுநூறு. வரி விதிப்புக்கு உட்படாத மங்கலத் தொகை ஒன்று. ஆக எழுநூற்றொன்று. முப்பது பைசாதான் வித்தியாசம். அந்த முப்பது பைசாவில் ஒரு கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய வவுச்சரின் மேல் குறுக்கே 'ரத்து' என்று எழுதும்போது மட்டும் அவர் பேனா கொஞ்சம் தயங்கியது. கணக்குப் புத்தகத்தில் 'மங்கலம்' என்று புதிதாக ஒரு தலைப்புத் திறந்தார். அந்தத் தலைப்பில் இன்றுவரை வருஷத்துக்கு ஒரு ரூபாய் போகிறது, ஆடிட்டர் கேட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம்.

என் கல்லாவைக் கவிழ்த்து ஒரு ரூபாய் நாணயங்களைப் பரப்பி, இருப்பதிலேயே புதுசாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதையும் புளி போட்டுத் தேய்த்தார். மழையில் இரண்டு பேரும் ஒரே குடையில் போனோம், தட்டு நனையவில்லை, நாங்கள் தொப்பலாகிவிட்டோம்.

இந்தத் தடவை மைக் இல்லை. சிவஞானம் தட்டை நீட்டி, "ஐயா, நான் கணக்குக்காரன். எனக்கு எண்ணத்தான் தெரியும். மன்னிக்கணும்" என்றார். சொக்கலிங்கம் முதலில் அந்த நாணயத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் தட்டை வாங்கினார். அங்கவஸ்திரத்தைச் சிவஞானமே போர்த்திவிட்டார். காகிதத்தை நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, "இனி ராமேஸ்வரத்திலை நெஞ்சை நிமித்திக்கொண்டு நிப்பன்" என்றார். சிவஞானம் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தடவி ஒட்டி, இங்கே ஒரு கையெழுத்து என்றார். இந்த மனிதரை என்ன செய்வது? வித்வான் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே ஸ்டாம்பின் மேல் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"ராசமாணிக்கம், அடுப்பை மூட்டும். தோலைச் சூட்டிலை காட்டோணும்."

ராஜமாணிக்கம் அதற்கு முன்பே உறையைக் கழற்றியிருந்தார். நான் திரும்பிப் போய் அந்த நெய் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் முகூர்த்தத்துக்கும் மழை விடவில்லை. கோயில் மண்டபத்துத் தகரக் கூரையில் வானமே இறங்கி அடித்தது. மேடையில் குருக்கள் சொன்ன மந்திரம் அவருக்கே கேட்டிருக்காது. பெங்காலிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், ஜெட்டியில் பாஸ்போர்ட் பார்த்த அந்தப் போலீஸ்காரர் என்று ஊரே வந்திருந்தது. சிவஞானம் என் காதருகே வந்து, தன் கையால் கொடுக்கப்போகும் கல்யாணச் சன்மானத்துக்கும் பிடித்தம் உண்டுதான், சான்றிதழை ராத்திரியே அடித்துவிட்டேன், நூற்றொன்றில் பிடித்தம் முப்பது போக மங்கலத்தோடு எழுபத்தொரு ரூபாய் வருகிறது என்றார். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். நான் கும்பிட்டேன்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். மங்கையர்க்கரசி சந்திரமதியின் பின்னால் நின்று விளக்கைப் பிடித்திருந்தாள், ஆனால் அவள் பார்வை தவிலின் மேல்தான் இருந்தது. கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டுவது பெண்ணைப் பெற்றவர் வேலையில்லை, அதற்கு ஆள் வேறு இருந்தது. ஆனால் சிவஞானம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கார்பன் நீலம் போகாத அந்த ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

மழைச் சத்தம் காணாமல் போயிற்று. அப்படி ஒரு மேளம். சொக்கலிங்கத்தின் கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, நாயனம் தகரக் கூரையை முட்டியது. ராஜமாணிக்கம் நெய்ச் சோறு சாப்பிட்ட கையால் தவிலைப் பிளந்தார். முதல் முடிச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் தங்கை போட்டாள். அட்சதை விழுந்தது. சந்திரமதி தலை நிமிர்ந்து சிரித்தாள். முடிச்சுகள் முடிந்துவிட்டன, மேளத்தை நிறுத்தலாம். சொக்கலிங்கம் சிவஞானத்தைப் பார்த்தார், ராஜமாணிக்கத்தைப் பார்த்தார், இரண்டு பேரும் கண்ணால் சிரித்துக்கொண்டார்கள், நிறுத்தவில்லை. சிவஞானத்தின் விரல் இன்னும் கீழே இறங்கவில்லை. கண்ணீர் வழிந்து கழுத்துக்குள் இறங்குவதுகூடத் தெரியாமல் அவர் விரலை ஆட்டிக்கொண்டே இருந்தார். மங்கையர்க்கரசி கையில் விளக்கோடு அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இறக்கச் சொல்லவில்லை.